நிலம் மூடும் பூங்கொடி: கிள்ளான் பள்ளத்தாக்கில் வெடேலியாவும் தோட்டத் தமிழரின் களை வரலாறும்

முன்னுரை

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை நீளும் சாலைகளின் ஓரச் சரிவுகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முகப்புகளிலும், வடிகால்களின் கரைகளிலும் ஒரு செடி தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கின்றது. பளபளக்கும் பச்சை இலைகளும் சிறு சூரியகாந்தியை ஒத்த மஞ்சள் பூக்களும் கொண்ட அதனைக் காணாதார் இரார். நாற்றுப்பண்ணை நடத்துவோர் அதனை வெடேலியா என்பர். தமிழர் பலர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றே கருதுகின்றனர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அதற்குச் ‘சிங்கப்பூர் டெய்சி’ என்று பெயர். இம்மூன்று பெயர்களுள் முதலாவது தாவரவியலார் இன்று கைவிட்ட பெயர். இரண்டாவது வேறொரு செடிக்கு உரியது. மூன்றாவது பிறந்த நாட்டைத் தவறாகச் சுட்டுவது. ஒரு செடிக்கு இத்துணைப் பொருந்தாப் பெயர்கள் வாய்த்தமையே அதன் வரலாற்றை ஆராயத் தூண்டுகின்றது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, உலகின் மிகத் தீய ஊடுருவும் உயிரினங்கள் நூறு என்னும் பட்டியலில் இச்செடி இடம்பெற்றுள்ளது. அழகுக்காகவும் மண்ணைக் காப்பதற்காகவும் நடப்படும் ஒன்று அப்பட்டியலில் இடம்பெற்றது எவ்வாறு? தரையை ஒரே வகைச் செடியால் மூட வேண்டும் என்னும் கருத்து இந்நாட்டில் எங்கிருந்து வேரூன்றியது? அவ்வரலாற்றில் தமிழ்த் தொழிலாளரின் இடம் யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பும்

இச்செடியின் தாயகம் மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென்னமெரிக்காவின் வெப்பப் பகுதிகள் வரை பரந்த நிலப்பரப்பாகும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1759இல் இதனைச் சில்ஃபியம் என்னும் பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். பின்னர் இது வெடேலியா டிரைலோபேட்டா ஆயிற்று. வெடேலியா என்பது ஜெர்மானிய மருத்துவ அறிஞர் கியோர்க் வுல்ஃப்காங் வெடல் (1645–1721) என்பாரின் நினைவாக அமைந்த பெயர். 1996இல் தாவரவியலார் இதனை ஸ்பாக்னெட்டிகோலா என்னும் பேரினத்துக்கு மாற்றினர். ஆயினும் கடைத்தெருவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. டிரைலோபேட்டா என்னும் அடைமொழி இலையின் மூன்று மடல்களைக் குறிப்பதாகும். இச்செடியை அடையாளங் காண்பதற்கு இம்மூன்று மடல்களே தலையாய குறி என்பதைப் பின்னர்க் காண்போம்.

இச்செடி விதையைக் காட்டிலும் தண்டினாலேயே பெரிதும் பெருகுகின்றது. தண்டு தரையில் ஊர்ந்து செல்லுகையில் ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும். வெட்டி எறியப்பட்ட ஒரு சிறு துண்டும், கணு ஒன்று இருக்குமாயின், புதிய செடியாகும். வெயிலிலும் அரைநிழலிலும், ஈரநிலத்திலும் உப்புக்காற்று வீசும் கடற்கரையிலும் இது வளரும். அடர்ந்த பாய்போல் படர்ந்து, பிற செடிகளின் விதைகள் முளைப்பதற்கு வேண்டிய ஒளியை மறைத்துவிடும். மேலும், தன்னிடமிருந்து கசியும் வேதிப்பொருள்களால் அண்டைச் செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் இயல்பும் இதற்கு உண்டென ஆய்வுகள் காட்டுகின்றன. தோட்டக்காரர் எந்தப் பண்புகளுக்காக இதனை விரும்புகின்றாரோ அதே பண்புகளே இதனைக் கட்டுக்கடங்காத களையாகவும் ஆக்குகின்றன எனலாம்.

தீவுகளில் நேர்ந்தது

இச்செடியால் நேர்ந்த கேடு பசிபிக் தீவுகளில் வெளிப்படையாகத் தெரிந்தது. ஹவாய், பிஜி, சமோவா, தொங்கா, நியுவே முதலிய தீவுகளில் அழகுச்செடியாக நுழைந்த இது, வீட்டு வேலியைக் கடந்து, சாலையோரம், கடற்கரை, வாய்க்கால், கைவிடப்பட்ட வேளாண்நிலம் என்று பரவியது. தீவுகளில் ஊடுருவல் எளிதில் நிகழ்வதற்குக் காரணம் உண்டு. பெருநிலத்திலிருந்து நெடுந்தொலைவில் உள்ள தீவில் இயல்பாக வந்துசேர்ந்த உயிரினங்கள் சிலவே. அவை கடும்போட்டியின்றி வளர்ந்தவை. புதிதாக வரும் செடியை உண்ணும் பூச்சியோ தாக்கும் நோயோ அங்கு இருப்பதில்லை. இக்கருத்தை விரிவாக முன்வைத்தவர் ஆங்கிலேய உயிரியல் அறிஞர் சார்லஸ் எல்டன். உயிரின ஊடுருவல் பற்றிய அவரது நூல் 1958இல் வெளிவந்தது.

பிஜித் தீவு நமக்கு அயலானதன்று. 1879இல் அங்குத் தொடங்கிய ஒப்பந்தக் கூலிமுறையில் 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தமிழர் சென்ற நாடுகளின் வரைபடத்தையும் இச்செடி சென்ற நாடுகளின் வரைபடத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் பிஜி, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எனப் பல இடங்கள் ஒன்றுபடக் காணலாம். பேரரசுகள் மனிதரைப் பெயர்த்த வழிகளிலும் அவற்றின் பின் வந்த வணிக வழிகளிலுமே செடிகளும் பெயர்ந்தன. இரப்பரே இதற்குத் தலையாய சான்று. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு விதைகளைக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து எழுந்த கன்றுகளுள் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அக்கன்றுகளைத் தொடர்ந்தே நம் முன்னோரும் இந்நாட்டுக்குப் பெருந்திரளாக வந்தனர்.

வெற்று நிலமும் களையெடுப்பும்

கிள்ளான் வட்டாரத்தின் இரப்பர்த் தோட்டங்களில் தொடக்கக் காலத் துரைமார் கைக்கொண்ட முறை ‘துப்புரவுக் களையெடுப்பு’ ஆகும். மரங்களுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டலாகாது என்பதே அம்முறை. களைகள் மரத்துக்குரிய சத்தை உறிஞ்சிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. துடைத்த தரை ஒழுங்கான நிர்வாகத்தின் அடையாளமாகவும் மதிக்கப்பட்டது. அத்தரையைத் துடைத்தவை தமிழரின் கைகள். கங்காணி முறையில் வந்த குடும்பங்களில் ஆண்களும் பெண்களும் பால்வெட்டுக்குச் செல்ல, பால்வெட்டில் இடம்பெறாத பெண்கள், முதியோர், இளையோர் ஆகியோரின் பங்காகப் பெரிதும் அமைந்தது ‘வெளிக்காட்டு வேலை’. புல்வெட்டு அதன் முதன்மையான கூறு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, மண்வெட்டியுடன் நிரைநிரையாகச் சென்று, முதுகு வளைத்துக் களை கொத்திய அப்பெண்களின் உழைப்பு நம் வரலாற்று நூல்களில் பால்வெட்டு உழைப்புப் பெற்ற இடத்தைப் பெறவில்லை. ஆண்களைவிடக் குறைந்த கூலியே அவர்களுக்கு வழங்கப்பட்டது என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

அவர்கள் எதிர்த்துப் போராடிய களைகளுள் முதன்மையானது லாலான் புல். காடழித்த நிலத்தில் முதலில் தலையெடுக்கும் இப்புல், தமிழ் மரபில் தருப்பை என வழங்கும் புற்களுள் ஒன்றாகவும் கொள்ளப்படுகின்றது. ஊரில் வேள்விக்கும் நீத்தார் கடனுக்கும் உரியதாக விளங்கிய புல், தோட்டத்தில் ஒழிக்கப்பட வேண்டிய பகையாயிற்று. அதனை அழிக்க ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சு தெளிக்கப்பட்டது. பின்னர் 1960களில் பாராகுவாட் வந்தது. ‘மருந்தடித்தல்’ என்று தோட்ட மக்கள் சொல்லும் இவ்வேலையும் பெரும்பாலும் பெண்களின் தோளிலேயே ஏறியது. முதுகில் தொட்டியும் கையில் தெளிகுழாயுமாக நடந்த அப்பெண்களுக்கு நேர்ந்த உடற்கேடுகளைத் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் செயற்கட்டமைப்பும் இணைந்து நடத்திய ஆய்வு 2002இல் எடுத்துரைத்தது. அதே ஆண்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரியில்தான். நஞ்சு என்று அறிந்த பின்னரும் அதனை விலக்கப் பதினெட்டாண்டுகள் சென்றன என்பது களை வரலாற்றின் கசப்பான பக்கமாகும்.

மூடுபயிர் என்னும் கருத்து

துப்புரவுக் களையெடுப்பின் தீங்கு விரைவிலேயே புலப்பட்டது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாட்டில், மூடலற்ற சரிவு நிலத்தின் மேல்மண் நீரோடு போயிற்று, ஆறுகள் சேறாயின. எனவே தோட்டத்துறை தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. 1925இல் நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பிற நிறுவனங்களும் மரங்களுக்கிடையே அவரை இனக்கொடிகளை வளர்க்கும் முறையை ஆராய்ந்து பரப்பின. பியூரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகள் மண்ணை மூடிக்காத்ததோடு காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்தன. இவ்வாறு தரை மூடியே இருக்க வேண்டும், ஆனால் நாம் தேர்ந்த செடியாலேயே மூடப்பட வேண்டும் என்னும் கொள்கை நிலைபெற்றது.

இத்தேர்வு எப்பொழுதும் நன்மையில் முடிந்ததில்லை. மிக்கானியா என்னும் தென்னமெரிக்கக் கொடியின் கதை இதற்குச் சான்று. 1949இல் பராகுவேயிலிருந்து இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இது, 1956இல் இரப்பர்த் தோட்டங்களில் நிலமூடு பயிராக இடப்பட்டது. நாளடைவில் மரங்களின் மேலேறி அவற்றை நெரிக்கும் களையாக மாறி, வெடேலியா இடம்பெற்ற அதே நூறு உயிரினப் பட்டியலில் தானும் இடம்பெற்றது. மூடுவதற்கெனக் கொணர்ந்த கொடி, மூட வேண்டாதவற்றையும் மூடியது.

தோட்டம் நகரமாதல்

கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்கள் பல தோட்டங்களின் மேல் எழுந்தவை. 1950களில் பெட்டாலிங் ஜெயாவும், 1960களில் ஷா ஆலாமும், 1970களில் சீபீல்டு தோட்ட நிலத்தில் சுபாங் ஜெயாவும் உருவாயின. மூடுபயிர் ஆய்வு நடந்த சுங்கை பூலோ ஆராய்ச்சி நிலையத்தின் நிலத்தில் பெரும்பகுதியும் 2010களில் குவாசா டமன்சாரா என்னும் புதுநகரியத்துக்கு உரியதாயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பலவும் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன.

நகரியம் அமைக்கும்போது குன்றுகள் வெட்டப்பட்டுச் செம்மண் சரிவுகள் உருவாகின்றன. துரைமார் எதிர்கொண்ட அதே சிக்கல் இப்பொழுது கட்டுமான நிறுவனங்களின் முன் நின்றது: மழை பெய்வதற்குள் மண்ணை மூடியாக வேண்டும். அவரைக்கொடி பயன் தரினும் அழகு தராது. வெடேலியாவோ இரண்டையும் தந்தது. அது மலிவானது, விதை வாங்க வேண்டியதில்லை, தண்டைத் துண்டித்து நட்டால் போதும், ஆண்டு முழுவதும் பூக்கும். வெடேலியா தோட்டத்துறையால் இங்குக் கொணரப்பட்டது என்று இக்கட்டுரை வாதிடவில்லை. வெற்று நிலத்தை அஞ்சி, அதனை ஒரே வகைச் செடியால் விரைந்து மூட விழையும் மனப்பாங்கு தோட்டத்திலிருந்து நகரத்துக்குத் தொடர்ந்து வந்தது என்பதே இங்கு வலியுறுத்தப்படுகின்றது. அச்செடியைக் கத்தரித்துக் கட்டுக்குள் வைக்கும் வேலையும் குறைந்த கூலி பெறும் புலம்பெயர் தொழிலாளரிடமே விடப்பட்டுள்ளது. கைகள் மாறின, வேலையின் இயல்பு மாறவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இம்மாற்றத்தை இன்னொரு வடிவில் காணலாம். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் தாக்கிய பின், செங்கல்லாலும் ஓட்டாலும் நகரை மீளக்கட்ட வேண்டி எழுந்த சூளைகளாலேயே அவ்விடம் பெயர் பெற்றது. 1886இல் கிள்ளான் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இரயில்வே ஊழியர்களாக அங்குக் குடியேறினர். ஊழியர் குடியிருப்புகளின் புறக்கடை நிலம் அக்காலத் தமிழ்க் குடும்பங்களுக்கு முருங்கை, கறிவேப்பிலை, துளசி போன்றவற்றை வளர்க்கும் இடமாக விளங்கியது. பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. புறக்கடை இருந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் அமைக்கும் பசுமைப் பரப்பு வந்தது. முன்னையது பயன் அறிந்து வளர்த்த பல செடிகளின் இடம். பின்னையது பெயர் அறியாமல் கடந்து செல்லும் சில செடிகளின் இடம்.

இரு கரிசலாங்கண்ணிகள்

இச்சூழலில்தான் மஞ்சள் கரிசலாங்கண்ணி பற்றிய குழப்பத்தை ஆராய வேண்டும். தமிழ் மருத்துவ மரபில் கரிசலாங்கண்ணி இருவகைப்படும். வெள்ளைப் பூவுடையது எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. மஞ்சள் பூவுடையது ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. இராமலிங்க அடிகள் (1823–1874) போற்றிய மூலிகைகளுள் கரிசலாங்கண்ணி முதன்மையானது. கல்லீரலுக்கும் தலைமுடிக்கும் உகந்ததாகச் சித்த மருத்துவம் இதனைக் கூறும். 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் அறிஞர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடனாய்வாளரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியை ஆராய்ந்து அதிலுள்ள வெடெலோலாக்டோன் என்னும் பொருளின் கட்டமைப்பை வெளியிட்டனர். மரபறிவும் ஆய்வுக்கூட அறிவும் சந்தித்த அரிய தருணம் அது.

வெடேலியா இந்த மஞ்சள் கரிசலாங்கண்ணியின் நெருங்கிய உறவினம். ஆனால் அதுவே அன்று. மூலிகையின் இலை ஒடுங்கி நீண்டது, மடலற்றது. வெடேலியாவின் இலை சற்றே தடித்துப் பளபளப்பது, பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்தது. மூலிகையின் பூ சிறியது. வெடேலியாவின் பூ பெரியது, நிறத்தில் சற்றே ஆரஞ்சு கலந்தது. இரண்டின் வேதிச்சேர்க்கையும் ஒன்றல்ல. ஆதலால் ஒன்றன் மருத்துவப் பயனை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறுவது தவறு. மேலும், சாலையோரத்தில் வளர்வது வாகனப் புகையையும் வடிகால் நீரையும் களைக்கொல்லியையும் ஏற்றிருக்கக்கூடும். அத்தகைய செடியைப் பறித்துக் கீரையாகவோ சாறாகவோ உட்கொள்வது உடல்நலத்துக்கு ஊறு விளைவிக்கலாம்.

இக்குழப்பம் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டிலும் அழகுச்செடியே மூலிகையின் பெயரில் வீடுகளில் வளர்க்கப்படுவதுண்டு. கேரள வன ஆய்வு நிறுவனம் தன் மாநிலத்தின் ஊடுருவும் தாவரங்களுள் ஒன்றாக வெடேலியாவை வகைப்படுத்தியுள்ளது. தென் சீனத்தில் இவ்விரு இனங்களும் இயற்கையில் கலந்து கலப்பினம் தோன்றியுள்ளதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். வந்த செடி உள்ளூர் உறவினத்தின் இடத்தை மட்டுமன்றி அதன் மரபுக்கூற்றையும் பற்றக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது. ஆக, மூலிகை தன் பெயரை முதலில் இழக்கின்றது. பின்னர்த் தன் நிலத்தை இழக்கின்றது. தோட்டத்தில் செடியைத் தொட்டும் முகர்ந்தும் அறிந்த பாட்டிமார் ஒருவர்பின் ஒருவராக மறைய, பூவின் மஞ்சளை மட்டும் கண்டு பெயர் சூட்டும் தலைமுறை தோன்றியிருப்பதே இதன் அடிப்படைக் காரணமாகும்.

அந்நியம் என்னும் சொல்

இவ்வாய்வில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. களைகளுக்கு மக்கள் இடும் பெயர்களில் அயலார் மீதான வெறுப்பும் அச்சமும் படிந்திருப்பதைக் காணலாம். மலேசியத் தோட்டங்களில் பெருகிய அசிஸ்டேசியா என்னும் செடிக்கு மலாயில் ‘ரும்புட் இஸ்ராயில்’ என்று பெயர். குரோமோலேனா என்னும் அமெரிக்கச் செடி ஆங்கிலத்தில் சீயத்துக் களை எனவும், கேரளத்தில் கம்யூனிஸ்ட் பச்சை எனவும் வழங்குகின்றது. கரீபியத்திலிருந்து வந்த வெடேலியாவின் பழி குவீன்ஸ்லாந்தில் சிங்கப்பூரின் மேல் விழுந்தது. தமிழிலும் ‘சீமை’ என்னும் முன்னடை இவ்வாறே பயின்று வரக் காண்கிறோம்.

‘வந்தேறி’ என்னும் சொல்லின் சுடுதன்மையை மலேசியத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே அயலது என்பதும் ஊடுருவுவது என்பதும் ஒன்றல்ல என்னும் வேறுபாட்டை நாம் தெளிவாகக் கைக்கொள்ள வேண்டும். 1960இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி இம்மண்ணில் தோன்றியதன்று. 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் முதன்முதல் நடப்பட்ட செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைச் சார்ந்தது. அயலிலிருந்து வந்தவற்றுள் பெரும்பாலானவை யாருக்கும் தீங்கின்றி வேர்கொண்டவையே. ஒரு செடி ஊடுருவுவதாகக் கொள்ளப்படுவது அதன் பிறப்பிடத்தாலன்று, செயலால். அச்செயலும் அதனை நட்டவரின் கவனமின்மையாலேயே நிகழ்கின்றது. உயிரியலின் கலைச்சொல்லை மனிதருக்கு ஏற்றிப் பேசுவது அறிவியலாகாது.

முடிவுரை

உயிரினப் பன்மை உடன்படிக்கையின் எட்டாம் உறுப்பு, ஊடுருவும் அயல் உயிரினங்களைத் தடுக்கும் கடமையை உறுப்பு நாடுகளுக்கு விதிக்கின்றது. மலேசியா 1994இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. 2021 முதல் 2025 வரையிலான தேசியச் செயல்திட்டம் ஒன்றையும் வகுத்தது. எனினும் சட்டம் எட்டாத இடம் வீட்டு முற்றமும் வடிகால் கரையும் ஆகும். வெடேலியாவைக் கத்தரிப்போர் வெட்டிய தண்டுகளை ஆற்றங்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டாதிருத்தல் முதற்கடமை. அகற்ற விழைவோர் கணுவும் வேரும் எஞ்சாமல் பிடுங்கி, உலர்த்தி, மீண்டும் மீண்டும் கண்காணிக்க வேண்டும். புதிய சரிவுகளில் ஒரே செடிக்கு மாற்றாக உள்நாட்டுச் செடிகள் பலவற்றைக் கலந்து நடுவதும் பயன்தரும்.

தமிழ் ஆய்வுலகின் கடமை இதனினும் வேறானது. வெளிக்காட்டு வேலையில் வாழ்நாளைக் கழித்த பெண்கள் இன்றும் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். எந்தப் புல்லை எந்தப் பெயரால் அழைத்தனர், எதனைக் கீரையாக்கினர், எதனை மருந்தாக்கினர், எதற்கு அஞ்சினர் என்பவை அவர்தம் நினைவில் உள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா 1974 முதல் செடிகளைப் பேணி வருகின்றது. அங்குள்ள செடிகளுக்கு அருகே அப்பெண்களை அமர்த்தி, அவர்கள் கூறும் பெயர்களை மாணவர் பதிவு செய்வாராயின், இந்நாட்டுத் தமிழரின் தாவரச் சொற்களஞ்சியம் ஒன்று உருவாகும். களையெடுத்த கைகளே செடிகளை நன்கறிந்த கைகள். அவ்வறிவைப் பதிவு செய்யாமல் விடுவோமாயின், சரிவுகளை மூடும் மஞ்சள் பூவுக்கு மட்டுமன்றி, நம் புறக்கடைகளில் வளர்ந்த ஒவ்வொரு செடிக்கும் நாம் தவறான பெயரையே அடுத்த தலைமுறைக்குக் கையளிப்போம்.